பொறுப்பில் இருந்தவர் பெயர்

ஆகஸ்ட் 11, திங்கள்

வடக்குக் காற்று, அனலாய் வீசுகிறது. காலையிலிருந்தே பிள்ளைகள் ஒரே சிணுங்கல். வியாழக்கிழமை குழந்தைகள் தின விழாவுக்கு நகராட்சியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வராந்தாவில் ஒரு தோரணம்கூட இல்லை. சந்தைக் கடைக்காரிகளின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இந்தக் காப்பகத்துக்கு நான் இயக்குநராகி ஏழு மாதம் ஆகிறது. காய்கறிக்காரிகள் ‘அதிகாரியம்மா’ என்று கேலி பேசுகிறார்கள். பொய் சொல்வானேன், கேட்க இனிக்கத்தான் செய்கிறது.

லிப்ராடாவோடு சில்லென்று தெரேரே இலைத்தேநீர் குடித்தேன். இரண்டு வயதுப் பிள்ளைகளின் அறை அவளுக்கும் நிமியாவுக்கும். லிப்ராடாவின் மகள் அராசெலிக்கு நான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்றே, பெற்றவளும் ஞானத்தாயுமாக, நாங்கள் கொமாத்ரேக்கள் ஆனோம். ‘வாடி போடி’ போய் ‘வாங்க போங்க’ வந்தது. ஒரு கொமாத்ரே இன்னொரு கொமாத்ரேக்கு எதிராக வாய் திறக்கக் கூடாது. இங்கே அது வேதவாக்கு.

“தோரணம் எதுக்கு கொமாத்ரே? பிச்சு வாயில போட்டுக்கத்தான் போகுதுங்க” என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

டெர்லிஸ். தக்காளிக்கடை தெக்லாவின் பையன்.

காலையில் நிமியாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன், தோரணம் கட்ட. “பதினெட்டுப் பேரை நான் ஒருத்தி எப்படிப் பாக்கிறது?” என்று லிப்ராடா கேட்டாள். கேட்டாளே! “அரை மணி நேரந்தானே” என்றேன். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அதைக் கழுவ அவள் குழாயடிக்குப் போன நேரம், இவன் அம்மாவைத் தேடிக் கிளம்பிவிட்டான். எங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறான். நானும் நிமியாவும் நாற்காலி மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தோம்.

ரோட்டில் எவனோ மோட்டார் சைக்கிளை அவன் மேல் ஏற்றிவிட்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ஆகஸ்ட் 14

விழா இல்லை. நகராட்சியிலிருந்து படிவம் வந்தது. ‘சம்பவ நேரத்தில் அறைப் பொறுப்பில் இருந்தவர் பெயர்.’ லிப்ராடா பெயரை எழுதினேன். அது பொய்யில்லையே? இன்னொருத்தியை வெளியே கூப்பிட்டது யார் என்று படிவம் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 19

விசாரணை. அதிகாரி லிப்ராடாவைக் கேட்டார்: “ரெண்டு பேர் இருக்க வேண்டிய ரூம். இன்னொருத்தி எங்க?”

நான் அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “நாந்தான் சார் அவளை அனுப்பிச்சேன். தனியாப் பாத்துக்கிறேன்னு சொன்னேன்.”

நிமியா வேலைக்குப் புதுசு. தலையைத் தூக்கவில்லை. நானும் பேசவில்லை.

ஆகஸ்ட் 22

லிப்ராடாவுக்கு வேலை போய்விட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறேன். தூரத்தில் லிப்ராடா. ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவளே அராசெலியின் முதுகில் தட்டி என்னிடம் அனுப்பினாள். பிள்ளை வந்து கை கூப்பி நின்றது. “ஆசி குடுங்க ஞானம்மா.”

கை மேலே எழும்பவில்லை. எப்படியோ சிலுவை போட்டேன். ‘கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்’ என்று சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. சே, என்ன பிழைப்பு இது.

செப்டம்பர் 1

நகராட்சிக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தோரணம், நிமியா, அரை மணி நேரம், எல்லாம். அதிகாரி இரண்டு தடவை படித்தார். “இதை இப்ப வந்து சொல்றீங்களே?” என்றார். வெளியே வந்ததும் அப்பாடா என்று இருந்தது. பல நாள் கழித்துப் பசித்தது. ஒரு சிப்பா ரொட்டி வாங்கி நின்றுகொண்டே தின்றேன்.

செப்டம்பர் 8

என்னையும் நீக்கிவிட்டார்கள். லிப்ராடாவைத் திரும்ப எடுக்கவில்லை. விசாரணையில் பொய் சொன்னவளாம். புது இயக்குநர் வரும்வரை காப்பகம் பூட்டு.

செப்டம்பர் 9

லிப்ராடா வீட்டுக்குப் போனேன். ஊராருக்குத் துணி துவைக்கிறாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அவள் கேட்க விடவில்லை.

“நான் வாய மூடிக்கிட்டு இருந்தது உங்களுக்காக மட்டுமா கொமாத்ரே? நீங்க வேலையில இருந்தா காப்பகக் கதவு திறந்திருக்கும்னுதான். அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா அது ஒரு வழி. இல்ல, கடைசி வரைக்கும் முழுங்கியிருக்கணும். மனசு உறுத்துச்சுன்னா பாதிரியார்கிட்ட போயிருக்கலாமே. நகராட்சிக்கு எதுக்குப் போனீங்க?”

நான் அழுதேன். அவள் அழவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். புறப்படும்போது, “பாத்துப் போங்க” என்றாள்.

செப்டம்பர் 17

சந்தை வழியாகப் போயிருக்கக் கூடாது.

கடைக்குக் கடை, பலகைக்கு அடியில் எங்கள் பிள்ளைகள். ஒன்று அழுகிய வெங்காயத்தைக் கடிக்கிறது. ஒன்று கோணிச் சாக்கில் தூங்குகிறது, மேலெல்லாம் ஈ. டெர்லிஸைக் கட்டுப் போட்ட காலோடு தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்திருந்தாள் தெக்லா. அவள் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் பார்த்துவிட்டான். இரண்டு கையையும் என்னை நோக்கித் தூக்கினான். “அத்தே, போலாம்” என்றான், காப்பகம் இருக்கும் பக்கம் காட்டி.

சாவி என்னிடம் இல்லை.