தீவில் இறங்க எடுத்துக்கொண்டவை

செப்டம்பர் 2

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்றால் பிரேயஸ் துறைமுகம் முழுக்க உள்ள கால்சட்டைகளும் விளிம்பு மடிக்க என் கடைக்குத்தான் வருகின்றன. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் தீவிலிருந்து கல்லிரோயி போன். என் முன்னாள் கணவன் பந்தெலிஸின் தங்கை. அவனுக்கு என்னோடு பேச வாய் வராது, தங்கையை விட்டுத்தான் சொல்ல வைப்பான். ஸ்தாதிஸை அடக்கம் செய்து மூன்று வருஷம் முடிகிறதாம். கல்லறையில் இடம் கிடையாது, அடுத்தவருக்கு விட வேண்டும். பதினாறாம் தேதி தோண்டுகிறார்கள். என் பிள்ளையின் எலும்பை எடுத்து, மதுவில் கழுவி, பெட்டியில் வைக்கப் போகிறார்கள்.

"வர்றதுன்னா வாங்க. வராட்டியும் நாங்க பாத்துக்குவோம்" என்றாள். பிறகு அவளுடைய வழக்கமான கேள்வி: "வந்தா எப்ப கிளம்புவீங்க?"

நான் இன்னும் வரவே இல்லை, அதற்குள் கிளம்பும் நாள் வேண்டும் அவளுக்கு. அடக்கத்தன்றும் அப்படித்தான். காப்பி கலந்துகொண்டிருந்த பெண்களிடம் என் காது படவே சொன்னாள்: "அவங்களுக்கு என்ன, கோடைக்கு வந்துட்டுப் போற டூரிஸ்ட்தானே."

டூரிஸ்ட். விவாகரத்துக்குப் பிறகு கடைக்கு விடுமுறை விடும் ஆகஸ்டில்தான் என் மகனைப் பார்க்கப் போக முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனேன், பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேறு எப்படிப் போவார்கள்? அந்தச் சொல் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. முன்பெல்லாம் வாய்க்கு வாய் அண்ணி என்பாள். இப்போது எனக்குப் பெயரே இல்லை.

செப்டம்பர் 5

எலும்புக்குத் துணிப்பை நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நல்ல வெள்ளை லினன் எடுத்து வந்து, அளவு கேட்கக் கல்லிரோயியைக் கூப்பிட்டேன். தலையணை உறை அளவு போதும் என்றாள்.

வாசலில் குனிந்து நுழைகிற பிள்ளை. தலையணை உறை.

தைத்தேன். பிரித்தேன். மறுபடி தைத்தேன்.

செப்டம்பர் 9

கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். பன்னிரண்டாம் தேதியிலிருந்து ஒரு படகும் ஓடாதாம். எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாதாம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனா இந்த வாரமா? வருஷம் பூரா விட்டுட்டு என் பிள்ளைய எடுக்கிற வாரமா கிடைச்சுது இவங்களுக்கு? அஞ்சு நாள் முன்னாலயே போய்க் கெடன்னா, எங்க போய்க் கெடக்கிறது? கல்லிரோயி வீட்டுலயா? கடைய யாரு பாக்கிறது?

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். முடியாதாம். அடுத்தவர் காத்திருக்கிறாராம். செத்தவருக்கும் வரிசை.

செப்டம்பர் 10

எதிர்வீட்டு வாஸோ ஒரு பயண அலுவலகத்தில் தரை துடைக்கிறாள். துடைக்கும்போது காதும் சேர்ந்து வேலை செய்யும். இன்று மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். பதினான்காம் தேதி இங்கிருந்து ஓர் உல்லாசக் கப்பல் கிளம்புகிறது. வெளிநாட்டுக் கப்பல், வேலைநிறுத்தம் அதைத் தொடாது. பதினாறாம் தேதி காலையிலிருந்து மாலை வரை எங்கள் தீவுக்கு எதிரே நிற்கும். யாரோ வேண்டாம் என்று விட்ட அறை ஒன்று, ஜன்னல் இல்லாதது, அடிமாட்டு விலைக்கு.

முதலில் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. டூரிஸ்ட் என்று சொன்னாளே, இப்போது நிஜமாகவே டூரிஸ்ட் கப்பலில் போய் இறங்கு அசிமினா. பிள்ளையின் எலும்பைக் கழுவ, நீச்சல் குளம் வைத்த கப்பலில்.

"யாருக்குடி தெரியப்போவுது? இறங்குறப்ப டூரிஸ்ட் மாதிரி இல்லாம இறங்கு" என்றாள் வாஸோ. அதற்கு உட்கார்ந்து பாடமே எடுத்தாள். தொப்பி கூடாது. கையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. வெள்ளைச் செருப்பு கூடவே கூடாது. கப்பலில் கொடுக்கும் பையைத் தொடாதே, கடைக்குப் போகிற உன் துணிப்பையே போதும். வீடுகளை அண்ணாந்து பார்க்காதே.

"எரிச்சலா நட. ஊர்க்காரங்க அப்படித்தான் நடப்பாங்க."

அது எனக்குச் சுலபம்.

செப்டம்பர் 14

சிலுவைத் திருநாள். காலையில் கோவிலில் துளசிக் கொத்து கொடுத்தார்கள். ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கழுவும் தண்ணீரில் போட.

துணிப்பையில்: லினன் உறை, துளசி, சாம்பிராணி, விளக்குக்கு எண்ணெய், தலைக்குக் கறுப்புத் துணி, ஸ்தாதிஸின் சின்னப் படம் ஒன்று. வாஸோ அவள் ஊரிலிருந்து வந்த சிவப்பு மது ஒரு பாட்டில் தந்தாள். அவசரத்துக்கு என்று கல்லிரோயியின் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கறுப்பு உடையைப் பெட்டியில் வைத்தேன். கப்பலில் முதல் நாளே கறுப்பில் திரிந்தால் மற்றவர்களுக்கு விருந்து இறங்காது.

ஏறும் இடத்தில் பையை எந்திரத்துக்குள் விட்டார்கள். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசி நாள் திருப்பித் தருவார்களாம். குடிக்க இல்லை, எலும்பு கழுவ என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் போதவில்லை, அவளுக்குக் கிரேக்கம் போதவில்லை. சிரித்துக்கொண்டே நல்ல பயணம் என்றாள்.

மது இல்லாமல் எப்படிக் கழுவுவேன்? கல்லிரோயியிடம் போய்க் கேட்பதா? வெறுங்கையோடு வந்தாள் பார் என்பாள்.

செப்டம்பர் 15

வழி கண்டுபிடித்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு கிளாஸ் மது வைக்கிறார்கள். நேற்று குடிக்காமல் அறைக்கு எடுத்து வந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றினேன். இன்றும் அப்படியே. பக்கத்து மேசை ஜெர்மன்காரக் கிழவர் இரண்டு நாளும் பார்த்திருக்கிறார் போல. இன்று தன் கிளாஸையும் நைஸாக என் பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணடித்தார். ஒளிந்து குடிக்கிறவள் என்று முடிவு செய்துவிட்டார். பரவாயில்லை தாத்தா, நல்லா இருங்க. உங்க மதுவும் என் பிள்ளைக்குப் போகுது.

இன்று வேறொரு தீவில் நின்றது. நான் இறங்கவில்லை. எல்லாரும் சங்குமாலையோடு திரும்பி வந்தார்கள்.

செப்டம்பர் 16, காலை

காற்று. தீவு கண்ணெதிரே நிற்கிறது, மேட்டில் கல்லறைச் சுவர்கூடத் தெரிகிறது. படகை இறக்க மாட்டேன் என்கிறார்கள். ஒன்பது மணிக்குத் தோண்டுவதாகக் கல்லிரோயி சொன்னாள். மணி பத்து. கடவுளே, இவ்வளவு தூரம் கொண்டு வந்தது இப்படி வேடிக்கை பார்க்கவா?

செப்டம்பர் 17

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதி வைக்காவிட்டால் கலைந்துவிடும்.

உச்சிப்பொழுதுக்குத்தான் காற்று இறங்கியது. கறுப்பு உடை, மேலே பொத்தான் போடாத கம்பளிச் சட்டை. படகில் முதலில் ஏறியது நான்தான். துறையில் கால் வைத்ததும் வாஸோ சொன்னபடியே எரிச்சலாக நடந்தேன். யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் வாடகைக் கார்க்காரன் ஒருவன் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் "கடற்கரைக்கா?" என்றான். பூக்கடைக்காரி ஆங்கிலத்தில் விலை சொன்னாள். நான் கிரேக்கத்தில் பதில் சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தாள். கறுப்பு உடுத்திய பெண்பிள்ளையிடம் என்ன டூரிஸ்டைக் கண்டார்கள்? ஏற்றத்தில் வேர்த்துக் கொட்டியது. கம்பளிச் சட்டையைத் துறையிலேயே கழற்றிக் கையில் போட்டிருந்தேன்.

எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். கழுவி, பெட்டியில் வைத்து, காப்பி குடித்துக் கலைந்திருப்பார்கள். எலும்புப் பெட்டிகள் வைக்கும் அறையின் பூட்டிய கதவைத் தொட்டுவிட்டு வரலாம் என்று போனேன்.

குழி திறந்திருந்தது. பக்கத்தில் வெள்ளை விரிப்பு, அதில் ஒன்றும் இல்லை. பேசின் காய்ந்து கிடந்தது. பெண்கள் சுவரோரம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தெலிஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

கல்லிரோயி எழுந்து வந்தாள். "கப்பல் நங்கூரம் போட்டதுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். படகே இறங்கல" என்றாள்.

"எந்தக் கப்பல்?" என்றேன் நான். எனக்கே என் குரல் கேவலமாக இருந்தது.

அவள் ஓர் எட்டு நெருங்கி வந்தாள். என் நெஞ்சுக்குக் கை நீட்டினாள். அங்கே பச்சை வட்டம் ஒன்று ஒட்டியிருந்தது, எந்தப் படகு என்று நம்பர் போட்டு. படகில் ஏறும்போது கப்பல்காரப் பெண் ஒட்டியது. ஊர் முழுக்க அதை ஒட்டிக்கொண்டுதான் எரிச்சலாக நடந்து வந்திருக்கிறேன்.

துணியில் நூல் பிரியாமல் அதை உரித்து எடுத்து, மடித்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மற்ற பெண்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"வாஸோ நீங்க கப்பல் ஏறின அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டா. பாதிரியார் ரெண்டு தடவ சத்தம் போட்டுட்டாரு. அம்மா வராம யாரும் கைய வைக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். பிறகு, "வாங்க அண்ணி."

குழிக்காரர் இறங்கினார். முதலில் தலை வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது கூசிப் போனேன். அவளிடம் சொந்தத் தோட்டத்து மது, மண் ஜாடி நிறைய இருந்தது. என்னுடையது கப்பல் சாப்பாட்டு மிச்சம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என் கையிலிருந்து வாங்கி முதலில் அதை ஊற்றினாள். அப்புறம் தன்னுடையதை. துளசியைக் கிள்ளிப் போட்டேன். இரண்டு பேரும் ஒரே பேசினில் கை நனைத்தோம்.

எலும்பு தேன்மெழுகு நிறத்தில் இருந்தது. பெண்கள் திருப்தியாக முணுமுணுத்தார்கள். அந்த நிறம் வந்தால் போன உயிர் நிம்மதியாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். என் நிம்மதியைப் பற்றி யாரும் எலும்பு பார்த்துச் சொல்ல முடியாது.

இடது முன்கை எலும்பைத் துடைத்தபோது என் கட்டைவிரலில் அந்த முடிச்சு தட்டியது. சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்டு வந்தான். கட்டுப் போட்டபோது அழாமல், கட்டைப் பிரித்தபோது அழுதான். ஒட்டிய இடத்தில் மேடு தட்டி அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அவன் செத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த முடிச்சைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. என் பிள்ளை செத்துப்போயிட்டான். வேற யாரும் இல்ல, என் ஸ்தாதிஸ்தான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல்லிரோயி என்னை எழுப்பவில்லை, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

தாமதமாகத் தொடங்கியதால் எலும்பு காய வெயில் போதவில்லை. காயாமல் பெட்டியில் வைக்கக் கூடாது, நாளைக்குத்தான் மூட முடியும் என்றார்கள். கீழே கப்பல் ஊதியது.

என் பெட்டி கப்பலில் இருக்கிறது என்றேன். மாத்திரை அதில்தான் இருக்கிறது என்றேன்.

"எனக்கும் பிரஷர்தான் அண்ணி. அதே மாத்திரைதான் போடறேன்" என்றாள்.

கப்பல் போவதைச் சுவரோரம் நின்று பார்த்தோம். மேல்தளத்தில் யாரோ இந்தப் பக்கம் கை ஆட்டினார்கள். எங்களை வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

இன்று காலை நான் தைத்த உறையில் வைத்தோம். இடம் மிச்சம் இருந்தது. பெட்டியின் மேல் படத்தை பந்தெலிஸ்தான் ஒட்டினான். கோணலாகப் போயிற்று. நேராக்கச் சொல்ல மனம் வரவில்லை.

செப்டம்பர் 19

கல்லிரோயியோடு பீன்ஸ் நறுக்கினேன். ஸ்தாதிஸ் தன் கடைசிக் கோடையில் இந்த மேசையில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னாள்.

செப்டம்பர் 22

வேலைநிறுத்தம் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். இருவருமே கேட்டோம். எப்போது கிளம்புகிறேன் என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் நாளைக்கு என்று சொன்னேன்.

செப்டம்பர் 24

பிரேயஸ். கடை வாசலில் இரண்டு பேர் கால்சட்டையோடு நிற்கிறார்கள். கப்பல்காரர்கள் என் பெட்டியை அனுப்பிவிட்டார்கள், வாஸோவின் மதுவும் உடையாமல் வந்திருக்கிறது. கல்லிரோயி துறையில் வந்து வழியனுப்பினாள் என்றதும் வாஸோ நம்பவில்லை.

நவம்பரில் ஸ்தாதிஸின் பிறந்தநாளுக்குப் போக வேண்டும். சாவுக் காரியம் எதுவும் இல்லாமல், ஆகஸ்டும் இல்லாமல் நான் அங்கே போவது அதுதான் முதல் தடவை. என்னென்ன எடுத்துக்கொள்வது என்று வழக்கம்போல யோசித்துப் பார்த்தேன். விளக்குக்கு எண்ணெய் அங்கேயே இருக்கிறது. கறுப்பு உடையைக் கல்லிரோயி துவைத்து, தன் அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறாள்.