யாருக்காகவோ பிடித்திருந்த கதவு

ஏப்ரல் 5, சனி

காட்டேஜுக்கு வந்தாயிற்று. ஷ்ரோப்ஷயர் முழுக்க மழை. வாசல் நிலை தாழ்வு. டங்கன் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டு, இரண்டு தடவையும் நிலையிடம் "ஸாரி" சொன்னான். அவன் அம்மா ரோசலிண்டும் அப்பா கிளைவும் முன்னாலேயே வந்து அடுப்பு மூட்டி டீ போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் என் ஓய்வுக்காக. மேபல் பிறந்ததிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை என்பது இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் காட்டேஜ் பிடிப்பார்கள்.

ஓய்வு மட்டுமா? மே மாதம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். வாரத்தில் பாதி நாள் மேபல் இவர்களிடம்தான் இருக்கப்போகிறாள். இந்த வாரம் அதற்கு ஒத்திகை. என்னால் அவளை விட்டு இருக்க முடியுமா என்று —

பின்தோட்டத்தின் குறுக்கே பொது நடைபாதை போகிறது. வந்த பிறகுதான் தெரிந்தது. தோட்டத்தின் கோடியில் ஒரு மரக்கதவு, அதைத் தாண்டியதும் ஓடை. மழையில் பொங்கி ஓடுகிறது. படுத்தால் காதில் அந்தச் சத்தம்தான். "தாலாட்டு மாதிரி இல்ல?" என்கிறார் ரோசலிண்ட்.

மேபல் நடக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் என் டிரஸ்ஸிங் கவுனின் இடுப்புக் கயிற்றை உருவி அந்தக் கதவைக் கட்டினேன். கொண்டி மேபலுக்கு எட்டாது. தெரியும். ஆனாலும் கட்டினேன்.

கிளைவ் பார்த்துவிட்டார். "ஏம்மா ஹேஸல், ஓடை உள்ள வந்துடும்னு கட்டி வெச்சிருக்கியா?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் கோபித்துக்கொள்ளலாம்.

மதியம் ரோஸ்ட் சாப்பிடும்போது ரோசலிண்ட் பழைய கதையை எடுத்தார். "எங்க காலத்துல டங்கனைத் தள்ளுவண்டியில போட்டுத் தோட்டத்துல விட்டுட்டு, நான் பாட்டுக்கு உள்ள வேலையைப் பார்ப்பேன். தூறல் விழுந்தா வண்டிக்கு மேல்மூடியை இழுத்துவிடுவேன், அவ்வளவுதான். பிள்ளைக்குக் காத்து நல்லது."

"அதான் நான் இப்படி ஆயிட்டேன்" என்றான் டங்கன். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மழை. துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்ஸா புதிர். பாதிக்கு மேல் வானம், எல்லாத் துண்டும் ஒரே நீலம். "எவ்வளவு அமைதியா இருக்கு" என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பக்கத்துப் பண்ணைக்காரர் மிஸஸ் ப்ரீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் என் கயிறு, சேறு சொட்டச் சொட்ட.

"யாரோட இடுப்புக் கயிறு இது?"

மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

"இது பொதுப் பாதைங்க. எங்க தாத்தாவுக்கும் முன்னாடியிருந்து ஜனங்க நடக்கிற பாதை. கட்டக் கூடாது. சாத்தி வெச்சாப் போதும். அந்தாண்ட என் ஆடுங்க குட்டி போட்டிருக்கு. சாத்தாம விட்டீங்கன்னா அப்ப வேற மாதிரி வந்து பேசுவேன்."

டங்கன் மன்னிப்புக் கேட்டான். கயிற்றுக்காக, அவர் நடந்து வந்ததற்காக, மழைக்காக. பிறகு அறைக்குள் —

"மானம் போச்சு, ஹேஸல்."

"மானம் போனா திரும்ப வரும். பிள்ளை போனா வருமா?"

"பார்த்தியா? மறுபடியும் ஆரம்பிச்சிட்ட."

ஆரம்பித்துவிட்டேனா? எப்போது முடித்தேன், மறுபடி ஆரம்பிக்க? எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கலாம். இருக்கட்டும். ஓடை இருப்பது பொய்யில்லையே.

ஏப்ரல் 9, புதன்

மேபலுக்கும் கதவுக்கும் நடுவில் பெஞ்சைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ரோசலிண்ட் டீ கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ஆறிடுச்சே கண்ணு, வேற தரட்டுமா?" என்றார். "வேண்டாம், இதுவே நல்லாயிருக்கு" என்றேன். ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. குடித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுத முடியுமா என்று தெரியவில்லை.

முதன்முதலாக வெயில். "ரெண்டு பேரும் பப்புக்குப் போய் ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட்டுட்டு வாங்க. நாங்க இல்லையா?" என்றார் ரோசலிண்ட். அவர் ஸ்கோனுக்கு மாவு பிசையப் போவதாகவும், கிளைவ் தோட்டத்தில் மேபலோடு இருப்பதாகவும் பேச்சு. நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. ஒத்திகை ஆயிற்றே. போனேன்.

சாப்பாடு வந்தது. பாதியில் எழுந்துவிட்டேன். "இன்னும் அரை கிளாஸ் இருக்கு" என்றான் டங்கன். பிறகு அவனும் எழுந்து வந்தான்.

காட்டேஜுக்குத் திரும்பும் சந்தின் மேட்டிலிருந்து தோட்டம் முழுதும் தெரியும். முதலில் கிளைவ் தெரிந்தார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். நடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்தில் மேபல் இல்லை.

ஓடினேன். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரியாது.

ஓடையில் ரோசலிண்ட் நின்றிருந்தார். முழங்கால் ஆழம், வீட்டுச் செருப்போடு. அவர் இடுப்பில் மேபல், அரைக்குக் கீழே நனைந்து, ஒரு காலில் சாக்ஸ் இல்லாமல், அலறிக்கொண்டு. அந்த அலறலைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு தம்பதி வந்தார்கள், கிளைவ் போய்க் கதவைத் திறந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். முகத்தில் அறைகிற மாதிரிச் சாத்த முடியுமா? பிடித்துக்கொண்டார். அவர்களுக்கும் பின்னால், வெகு தூரத்தில், தடி ஊன்றிய ஒரு கிழவர். கிளைவ் கதவைப் பிடித்து நிற்பதைப் பார்த்ததும் அந்தக் கிழவர் அவசரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். இனி கிளைவ் எப்படிக் கதவை விடுவது? நின்றார். "இன்னிக்காவது வெயில் தலையைக் காட்டிச்சே" என்று பேச்சு. கிளைவின் முழங்காலை உரசிக்கொண்டு மேபல் வெளியே போயிருக்கிறாள். நடைக்காரர்கள் அவளைப் பார்த்துக் கையசைத்திருக்கிறார்கள். முன்னால் போகிறவர்களின் பிள்ளை என்று பின்னால் வந்தவர்களும், பின்னால் வருகிறவர்களின் பிள்ளை என்று முன்னால் போனவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

எத்தனை நல்லவர்கள்.

"நான் கதவைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்மா" என்றார் கிளைவ். தொப்பி கையில் கசங்கிக்கிடந்தது. "புடிச்சுக்கிட்டுத்தான்…"

"கதவைப் பாக்கவா சொன்னேன்? பிள்ளையப் பாக்கத்தானே சொன்னேன்!"

கத்திவிட்டேன். இந்தக் குடும்பத்தில் யாரும் கத்தி நான் கேட்டதில்லை. அப்புறம் யாரோ கெட்டிலை அடுப்பில் வைத்தார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

வேலைக்குப் போகப்போவதில்லை என்று டங்கனிடம் சொல்லிவிட்டேன். முடிந்தது. அவன் வாதாடவில்லை. "நேத்து நீ பாதியில எழுந்தப்ப எனக்குக் கோபம் வந்துச்சு" என்றான். வெகுநேரம் மேபலின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிளைவ் என் கண்ணில் படாமல் நடமாடுகிறார். ஜிக்ஸாவின் வானத்தைத் தனியாக முடித்துவிட்டார்.

மாலையில் அடுப்படியில் ரோசலிண்டின் செருப்பு காய்ந்துகொண்டிருந்தது. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கேட்டேன்.

"நீங்க எப்படிப் பார்த்தீங்க? மாவு பிசைஞ்சுட்டு இருந்தீங்களே."

"எங்க பிசைஞ்சேன்? மாவு அப்படியே கிடந்துச்சு. நீ கிளம்பினதிலேருந்து சன்னல்லதான் நின்னேன்."

அவர் செருப்பைத் திருப்பி வைத்தார். அடுத்ததை அந்தச் செருப்பிடம் சொன்னது போலத்தான் சொன்னார்.

"தள்ளுவண்டி கதை சொல்வேன் இல்ல… உள்ள ஒரு வேலையும் பார்த்ததில்ல. சன்னல்லயே நிப்பேன். பாத்ரூம்கூடப் போக மாட்டேன். கிளைவ் வர்ற நேரத்துக்கு ஓடிப்போய் நாலு பாத்திரத்தை உருட்டுவேன், வேலை செஞ்ச மாதிரி."

"யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"என்னன்னு சொல்றது கண்ணு? மத்தவங்க எல்லாம்தான் நல்லா இருந்தாங்களே."

மத்தவங்க எல்லாம். நாற்பது வருஷமாக ஆளுக்கொரு சன்னலில் —

"டீ ஆறிடுச்சா?" என்றார்.

"ஆமா, ஆறிடுச்சு. வேற குடுங்க."

ஏப்ரல் 12, சனி

மூட்டை கட்டி, குப்பையைப் பிரித்துப் போட்டு, பத்து மணிக்குள் கிளம்ப வேண்டும். மேபல் புல்லில் டாஃபடில் பூ ஒன்றைத் தின்னப் பார்த்தாள். பிடுங்கிப் போட்டேன். நான் பெட்டியைத் தூக்கப் போனபோது கிளைவ் அவள் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரை விலகச் சொல்லவில்லை.

முதுகில் பை மாட்டிய ஒருவர் ஓடைப் பக்கமிருந்து வந்தார். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கதவை நெருங்கி, நன்றி சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டார். கிளைவ் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டார். கிளைவின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. மேபலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான், "இப்ப வாங்க" என்றார். அந்த மனிதர் தானே திறந்து, தானே சாத்திவிட்டுப் போனார். கிளைவ் கொண்டியை ஆட்டிப் பார்த்தார்.

ரோசலிண்ட் எங்கள் காரில் வருவதாகச் சொன்னார். கிளைவ் வண்டி ரேடியோவைத் தாங்க முடியவில்லையாம். பின்சீட்டில் மேபல் பக்கத்தில், வழக்கமாக நான் உட்காரும் இடத்தில், ஏறி உட்கார்ந்தார். மே மாதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலை நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து தோட்டம் முழுதும் தெரியும்.

வீட்டு வாசலில் டங்கன் தோளைத் தட்டி எழுப்பினான். வழி ஒன்றும் எனக்கு நினைவில்லை. கழுத்து வலிக்கிறது. திங்களன்று அலுவலகத்துக்குப் போன் செய்து, எந்தெந்த நாள் வர வேண்டும் என்று கேட்க வேண்டும்.