பெயர் தெரியாத சிலுவைக்கு உன் பெயர்

அன்புள்ள தாருஸ்யாவுக்கு,

இவ்வளவு இரவான பிறகு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், உன் தங்கை ஹால்யா இப்போதுதான் கண்ணயர்ந்தாள், அவள் விழித்திருந்தால் பேனாவையும் விடமாட்டாள் காகிதத்தையும் விடமாட்டாள். நாங்கள் இருவரும் இங்கே சுகம். வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன உன் அப்பா இன்னும் திரும்பவில்லை, அவரும் சுகம் என்று போனில் சொன்னார். நீ அங்கே சுகமா? எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வரிதான், ஆனால் இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. மீன் ஆராய்ச்சிப் படகில் கடலுக்குப் போகப் போகிறாய் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த நிலையில் நேற்று கல்லறை மந்திரிப்பில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

நேற்று வந்தது மொத்தமே நாலு கார். புதிதாக வந்திருக்கிற ஃபாதர் மெத்தோடி நல்லவர்தான், ஆனால் ஒரே நாளில் சுற்று வட்டாரத்துக் கல்லறைகள் எல்லாவற்றுக்கும் போகவேண்டியவர், நடையே ஓட்டம்தான். யார் ரொட்டியும் மெழுகுவத்தியுமாக நிற்கிறார்களோ அங்கே நின்று பாடுவார், ஆள் நிற்காத கல்லறையைத் தாண்டிப் போய்விடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நம் வழக்கமே அதுதானே. நான் ஹால்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அப்பா வீட்டாரின் கல்லறையில் நின்றேன், பாடி முடித்தார். அடுத்தது கோப்ரின் குழந்தைகள். நம்மவர்கள் கடல் தாண்டி இங்கே குடியேறி, மண்ணைத் தோண்டிக் கட்டிய குழிவீட்டில் கழித்த முதல் குளிர்காலத்தில் தொண்டைக் காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகப் போனவர்கள், வரிசையாக அந்தச் சின்ன இரும்புச் சிலுவைகள் உனக்கு நினைவிருக்கும். போன வருஷம் வரை பெத்ருனியாக் அம்மாள் அவர்களுக்காக நின்றாள், இப்போது அவளும் அங்கேயே படுத்துவிட்டாள். ஃபாதர் அந்தச் சிலுவைகளைத் தாண்டிக் கால் வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ரொட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடிப்போய் நின்றேன். அவர் திரும்பி வந்து பாடினார். பிறகு வெரெஹா குடும்பம், அங்கேயும் ஓடினேன், அப்புறம் அடுத்தது. வேலியில் சாய்ந்திருந்த வால்டர் மாமா சும்மா இருப்பாரா, "ஓடு தாயி ஓடு, வெரெஹா வீட்டு நிலத்துலயும் பங்கு கேட்டுடு" என்றார். ஃபாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது, "ஏம்மா, நீங்க மொத்தம் எத்தனை குடும்பம்?" என்றார். "இன்னிக்கு எல்லாமே நான்தான் ஃபாதர்" என்றேன், மூச்சு வாங்கியது.

கடைசியில் வேலியோரத்து மரச் சிலுவை. அதில் எழுத்தே கிடையாது. நம்மவர்கள் வந்த அதே ரயிலில் வந்தவள், எல்லாரும் பழைய நாட்டில் கலீசியாப் பக்கத்தவர்களாக இருக்க அவள் ஒருத்திதான் அடுத்த மாகாணமான புக்கோவினா, அதனால் புக்கோவினாக்காரி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள், ரயில்பாதை வேலை தேடிப் போன புருஷன் திரும்புவதற்குள் பிரசவத்தில் போய்விட்டாள், புருஷனும் வரவேயில்லை. ஞானஸ்நானப் பெயர் என்ன என்று ஃபாதர் கேட்டார். பழைய சாமியார் இதையெல்லாம் கேட்கமாட்டார், எனக்குப் பதறிவிட்டது, வருஷா வருஷம் சிலுவையடியில் ரொட்டி வாங்கிக்கொண்டவளுக்கு ஒரு பெயர் இல்லையா என்று வாய் தேடியது, வாயில் இருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். தாரியா என்றேன், உன் ஞானஸ்நானப் பெயர். ஃபாதர் தூபத்தை ஆட்டி, ஆண்டவரின் அடியாள் தாரியாவுக்கு நித்திய நினைவு என்று பாட ஆரம்பித்தார். முதல் தடவை நானும் சேர்ந்து பாடினேன் தாருஸ்யா. இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது, செத்தவர்களுக்குப் பாடுகிற பாட்டில் என் பெண்ணின் பெயர். நிறுத்துங்கள் என்று சொல்வதற்குள் மூன்றாவது தடவையும் பாடி முடித்துவிட்டார்.

ஃபாதர் காரில் ஏறிப் போனபிறகுதான் வால்டர் மாமா கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார், "தெரியாதுன்னு சொல்லியிருந்தா, ஆண்டவரே உமக்குத் தெரிஞ்ச பேருன்னு பாடிட்டுப் போயிருப்பாரேம்மா, படிச்ச பொண்ணு இப்படிப் பண்ணுவியா?" நான் அழுதுவிட்டேன். அவர் தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றார், பிறகு, "சரி விடு, செத்தவங்க பாட்டு ஒண்ணுன்னா உயிரோட இருக்கறவங்க பாட்டு மூணு பாடிடலாம்" என்று அந்த வேலியோரத்திலேயே நீண்ட ஆயுள் பாட்டை உனக்காகப் பாடினார். அவர் குரல் உனக்குத் தெரியும், ஹால்யா காதைப் பொத்திக்கொண்டாள்.

கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான், ஒரு பாட்டு ஒரு படகை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். பகலில் பாத்திரம் கழுவும்போது தெரிகிறது, விளக்கை அணைத்தால் தெரியமாட்டேன் என்கிறது. உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போதைய உன் வயதுதான், பயப்படவே தெரியாது, பயத்தையெல்லாம் உன்னை வளர்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது என் மனதில் ஓடுவது அந்தப் புக்கோவினாக்காரிகூட இல்லை, அவளுடைய அம்மா. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து, போன பெண்ணிடமிருந்து தபால் வரும் என்று எத்தனை வருஷம் பார்த்திருப்பாள்? இங்கே பெயரே தெரியாதவர்கள் அவளுக்கு எப்படி எழுதியிருப்பார்கள்?

படகில் கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், விளிம்பில் நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. கடவுளும் மாதாவும் உன்னைக் கரையிலும் தண்ணீரிலும் காக்கட்டும். நீளமாக எழுத நேரமில்லை என்றால் ஒரு அட்டை போதும், நன்றாக இருக்கிறேன் என்று உன் கையால் எழுதி, கீழே உன் பெயரைப் போட்டு, சீக்கிரம் பதில் அனுப்பு.

உன் அம்மா,
ஸோன்யா