கோழிக் கட்டுரைகளும் என் பெயரும்

8 ஜூலை, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். எங்கள் லோத்குண்டா தெருமுனையில் தண்ணீர். முழங்கால் வலி, ஆபீசுக்கு இந்த வாரம் லீவு.

மகள் ஜெனிபர் லேப்டாப்போடு மல்லுக்கட்டு. ஏரித் தண்ணீரில் கலக்கும் மருந்துக் கழிவு பற்றி பிஎச்.டி. முடிக்கப் போகிறாள். மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு ஜெர்மனி. வெள்ளிக்கிழமை வீடியோவில் நேர்காணல். அதற்குள் அவள் கட்டுரைகள் இருக்கும் இணையப் பக்கத்தைப் பார்ப்பார்களாம், இன்று லிங்க் அனுப்ப வேண்டும். யூனிவர்சிட்டி நூலகத்து மேடம் இதற்கென்றே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். ஒரே பெயரில் எழுது, ஆராய்ச்சியாளர் எண் வாங்கு, அதுவும் ஆதார் மாதிரி.

சிக்கல் நான்தான். நம் வீட்டில் ஏது சர்நேம்? கடைசிப் பெயர் கேட்ட இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டாள். சில கட்டுரையில் எஸ். ஜெனிபர், சிலதில் ஜெ. செல்வராஜ். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட செல்வராஜை வெளிநாட்டில் மேற்கோள் காட்டுகிறார்கள்!

அவள் குளிக்கப் போனாள். திரையில் வரிசையாகக் கட்டுரைகள், எல்லாம் ஜெ. செல்வராஜ். 'இவை உங்களுடையவையா?' நம்ம பெயர்தானே. எல்லாவற்றுக்கும் ஆம். உதவி செய்த திருப்தியில் இன்னொரு டீ.

9 ஜூலை, புதன்
மழை விட்டது. வீட்டில் இடி.

அவளுடைய பிஎச்.டி. கைடு போன். எப்போதிலிருந்து கோழி டாக்டர் ஆனாய் என்று தெலுங்கில் கேட்டார். வேறொரு ஜெ. செல்வராஜ் கோழி நோய் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார். அத்தனையும் இப்போது என் மகள் பக்கத்தில். லிங்க் நேற்றே போய்விட்டது.

"டாடி, லேப்டாப்பைத் தொட்டீங்களா?"

"லைட்டா."

"கைக்கு டாடி? ஏன் தொட்டீங்க? அடுத்தவங்க பேப்பரைத் திருடிட்டேன்னு நினைப்பாங்க. என் கேரியரே போச்சு!"

மனைவி ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து: "டிவி ரிமோட்டே அமுக்கத் தெரியாது. இதுல இது வேறயா உங்களுக்கு?"

ராத்திரி முட்டைக் குழம்பு. யாருக்கும் இறங்கவில்லை.

10 ஜூலை, வியாழன்
கோழிகளை நீக்கியாயிற்று, நூலகத்து மேடம் கூட இருந்து உதவினாராம். மறைக்காதே, நடந்ததை நீயே எழுதிச் சொல் என்றாராம். ஜெர்மனிக்கு எழுதிவிட்டாள். பதில் இல்லை. இன்னொன்றும் சொன்னாராம்: இனி ஒரே பெயர், இப்போதே முடிவு பண்ணு.

"என் பேர் நக்கோ, வேணாம். எடுத்துடும்மா. கோழிக்காரர் தொல்லையும் விடும்."

போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. பல்பும் வாங்க வேண்டும்.

11 ஜூலை, வெள்ளி
நல்ல வெயில். இன்னும் பதில் இல்லை.

மதியம் நேர்காணல். அவள் கதவருகே நான், செருப்பு தேடுகிற பாவனையில். உள்ளே இங்கிலீஷ். எனக்குப் புரிந்த வரை, முதல் கேள்வியே அதுதான். யார் இந்தச் செல்வராஜ்?

"என் அப்பா. கோழிகளைச் சேர்த்ததும் அவர்தான். இப்போ கதவுக்குப் பின்னாடி நிக்கிறார்."

பிறகு சிரிப்பு, இரண்டு மூன்று பேர்.

இனி எந்தப் பெயரில் எழுதுவீர்கள்?

"ஜெனிபர் செல்வராஜ். முழுசா. இனிமே மாறாது."

அப்புறம் ஏரித் தண்ணீரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் கதவை விட்டு நகர்ந்தேன். மூக்கைச் சிந்தினால் உள்ளே கேட்கும்.