நீங்கள் கொடுத்த ரைட்

என் கண்டக்டர் வீட்டுக்காரருக்கு,

தங்கை வீட்டில் எல்லோரும் நலம். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் வாயை விட்டுப் போகாத அந்த 'ரைட்' இங்கே காதில் விழுவதே இல்லை. உப்பு போதுமா என்று கேட்டால் ரைட். வீட்டு வாடகை ஏறுகிறது என்றாலும் ரைட். என் அம்மா இறந்துபோன அன்று என் தலையைத் தடவி, "ரைட்டும்மா, ரைட்டு" என்றீர்கள். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

"இந்த வீட்ல பேச ஆளே இல்ல, நான் போறேன்" என்று டாக்சியில் ஏறினேன். வெளியே தொங்கிய பை வாரை உள்ளே எடுத்து வைத்து, கதவைச் சாத்தி, ரைட் என்றீர்கள். தொலைந்தால் போதும் என்கிறீர்கள் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று பஸ்ஸில் ஒரு கிழவி ஏறினாள். அவள் தடுமாறி, கம்பியைப் பிடித்து, உட்காரும்வரை கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் ரைட் கொடுத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் நம் தெருப்பக்கம் வருவேன். இறங்கத் தைரியம் வராமல் உட்கார்ந்திருந்தாலும் இருப்பேன். நிறுத்தத்தில் நின்று, வண்டி கிளம்புவதற்குள் அதை நிறுத்த ஒரு 'ஹோல்டான்' சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நடுவழியில் இறங்கிக்கொண்டவள்