இலக்கம் பொருந்தாத போல்ட்

இஞ்சாருங்கோ,

நீங்கள் கண்மூடிய பிறகும், உங்கள் மேசை லாச்சியைத் திறந்தால் இன்னமும் துவக்கு எண்ணெய் மணக்கிறது. கொன்வென்ரில் நான் பூவேலை செய்த கைக்குட்டையில் இரண்டு இரும்புக் கேஜ்களைச் சுற்றி வைத்திருக்கிறீர்கள். நம் அம்மருட் மாடி வீட்டில் வேறு துணியே கிடைக்கவில்லையா?

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிதர், ஒஸ்லோவில் சுடும் கழகத்தில் சேர்ந்து, மலிவு விலையில் பழைய பட்டாளத்துத் துவக்கு ஒன்று வாங்கினீர்கள். அது போதாதென்று மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் உங்கள் சிநேகிதர் தவராசாவையும் அரியண்டப்படுத்தி, அதேபோல் ஒன்று வாங்க வைத்தீர்கள். வாங்கிய பிறகுதான் யாரோ சொன்னார்களாம், இவற்றில் குழலின் பின்வாயை மூடும் போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இடைவெளி கூடியிருந்தால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து என்று. அதை அளக்கத்தான் கேஜ்கள்.

சமையலறை மேசையில் அளந்தோம். ஊசியைக் கழற்றிய போல்ட்டை ஒரு விரலால் மெதுவாக மூட வேண்டும். கட்டைக் கேஜில் மூட வேண்டும்; நீளக் கேஜில் மூடக் கூடாது, மூடினால் இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். நீங்களோ உள்ளங்கையால் அமுக்கினீர்கள். ஒரு விரல் என்று தாளில் எழுதியிருப்பதைக் காட்டினேன்.

“எண்டா நீரே செய்யும், ரீச்சர்.”

செய்தேன். நம்முடையது சரியாக இருந்தது. அடுத்த கிழமை, துடைத்துக் கொடுப்பதாகச் சொல்லித் தவராசாவின் துவக்கைக் கொண்டுவந்தீர்கள். அதன் பிறகு முழங்கால் நோ என்று நீங்கள் சுடவே போகவில்லை.

போன கிழமை, கழகத்தில் ஒருவர் உங்கள் துவக்கைக் கேட்டார். அளந்து பார்க்காமல் கொடுப்பவள் நானில்லை. போல்ட் நீளக் கேஜிலும் மூடியது. இன்னொரு முறை, அரை விரலால். மூடியது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், போல்ட்டில் ஒரு இலக்கம், துவக்கில் வேறு இலக்கம்.

தவராசாவைத் துவக்குடன் வரச் சொன்னேன். நம்முடைய இலக்கம் அவருடைய போல்ட்டில் இருந்தது. அவருடைய துவக்கில் அது நீளக் கேஜில் மூட மறுத்தது. நல்லதை அவருக்குப் பூட்டிவிட்டு, அவருடைய தேய்ந்த போல்ட்டை நீங்கள் வைத்திருக்கிறீர்கள்.

முழங்கால் நோவாம். லிஃப்ட் பழுதானபோது ஆறாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்கிய முழங்கால். நீங்கள் வாங்க வைத்த துவக்கு பழுதென்று சிநேகிதரிடம் சொல்ல வெட்கம். வேறு போல்ட் ஒன்று தேடியிருக்கலாம். என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். துவக்கை வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று மூன்று வருடம் ஏசினேன். அப்போதும் முழங்காலைத் தடவிக் காட்டினீர்கள்.

“ஏனக்கா மாறிக் கிடக்கு?” என்று தவராசா கேட்டார்.

“துடைக்கேக்கை இவர் மாத்திப் பூட்டிப்போட்டார். கவனமில்லாத மனுசன். உங்கடை துவக்குக்கு இது நல்லாப் பொருந்துது, கழகத்திலை சொல்லி இலக்கத்தைப் பதிஞ்சு வச்சிருங்கோ.”

“அவர் எப்பவும் அப்பிடித்தானே, அக்கா,” என்று சிரித்தார்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்த நான், எழுபத்திரண்டு வயதில் உங்களுக்காகப் பொய் சொன்னேன். நம் துவக்கை யாருக்கும் கொடுக்காமல், அழித்துவிடச் சொல்லிப் பொலிசில் ஒப்படைத்தேன். கைக்குட்டையை மூன்று தரம் துவைத்தும் கறை போகவில்லை. கேஜ்களை மறுபடி அதிலேயே சுற்றி வைத்திருக்கிறேன்.

போகிற வீடெல்லாம் தவராசா இந்தக் கதையைச் சொல்லி, உங்கள் கவனக்குறைவை நினைத்துச் சிரிக்கிறார். பிழையைக் கண்டால் திருத்தாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து, மூடிக்கொள்கிறேன்.