சித்திரை வெயிலில் தலைக்குக் குளித்தேன், மைனி

என் மூச்சுக்கு மூச்சாக இருந்த மைனிக்கு,

கனி எழுதுகிறேன். இது உங்களுக்கு வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் வீட்டில் நடக்கிறதை உங்களிடம் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. வேறு யாராவது படித்தால் படிக்கட்டும். அண்ணன் மனைவிக்கு ஒரு நாத்தனார் இப்படியும் எழுதுவாளா என்று நினைத்தால் நினைக்கட்டும்.

சித்திரை பிறந்துவிட்டது. தூத்துக்குடியே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் உச்சிப்பொழுதில் எங்காவது நிழலில் ஒதுங்கிவிடுகிறார்களாம். உப்பளத்துப் பக்கம் பார்த்தால் கண் கூசுகிறது. எனக்கு மட்டும் இது திருவிழா. வருடம் முழுக்க இழுப்பில் கிடக்கிறவளுக்கு இந்தக் கோடையில்தான் மூச்சு தானாக வந்து தானாகப் போகும். உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் இந்த வருடம் அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கார்த்திகை மழையில் போயிருக்க வேண்டியவள் நான். ஊமத்தை இலையைப் புகைத்தும் இழுப்பு அடங்காமல், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து கிடந்தேன். நீங்கள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். நான் தேறினேன். மார்கழியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. "இது என்னளா, ரெண்டு நாள் கசாயம் குடிச்சா ஓடிரும்" என்று நீங்களே சொன்னீர்கள். தை பிறந்தபோது நீங்கள் இல்லை.

துக்கத்துக்கு வந்த ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "எமன் ஆள் மாறிக் கூட்டிட்டுப் போயிட்டான்." எனக்குக் கோபம் வரவில்லை, மைனி. அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோயைவிட, நோயாளியாக இருப்பது அலுப்பாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். ஒருவர் திப்பிலி என்கிறார். இன்னொருவர் திருச்செந்தூர் போய்க் கடலில் முழுகு என்கிறார். தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கிறது. நீங்கள் ஒருநாளும் எனக்கு மருந்து சொன்னதில்லை. "இன்னைக்கு எப்படிளா இருக்கு?" என்று கேட்பீர்கள். நான் சொல்வதை உட்கார்ந்து கேட்பீர்கள். அப்படிக் கேட்க இப்போது யார் இருக்கிறார்கள்?

அண்ணன் சமைக்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வரும். அடுப்புப் புகை எனக்கு ஆகாது என்று, பலசரக்குக் கடையைத் திறக்கப் போகுமுன் அவரே சோறு பொங்கி வைத்துவிடுகிறார். உலகச் சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். ரேஷன் அரிசியில் கல் மட்டும் முடிந்தபாடில்லை. அண்ணனுக்குக் கல் பொறுக்க வரவில்லை. சாப்பிடும்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பல்லில் கல் நெரிபடுகிற சத்தம்தான் வீட்டில் பேச்சு.

பங்குனிக் கடைசியில் சாத்தான்குளத்து அத்தை வந்தாள். அத்தை கெட்டவள் இல்லை. நான் உள்ளே படுத்திருக்க, கூடத்தில் அண்ணனிடம் பேசினாள்.

"ஏலே மருமவனே, பிள்ளையும் இல்லாம இப்படியே இருந்துருவியா? ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன். ஆனா இங்கன ஒரு நோக்காட்டுக்காரி படுத்துக் கெடக்கான்னா எவ வருவா? கனியை நான் கூட்டிட்டுப் போறேன். எங்கூட இருக்கட்டும்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அத்தை எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அத்தை என்னிடம் கேட்டபோது, "வாரேன் அத்தை" என்றேன். சாத்தான்குளத்துப் பக்கம் ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பினால் தேரிக்காட்டுச் செம்மண் வீட்டுக்குள்ளேயே வந்து படியும். அதில் என் நெஞ்சு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். எதிர்த்துப் பேச மூச்சு இருந்தது, மனசுதான் இல்லை. சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அப்போது பார்த்துத்தான் இந்த வெயில் வந்தது.

ஒரு காலையில் எழுந்தபோது நெஞ்சில் சத்தமே இல்லை. கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது. தெருவில் கருவாட்டுக்காரி யாரோடோ சண்டை போடுவது கேட்டது. என் இரைச்சல் இல்லாமல் வெளிச்சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எழுந்து மாடிப்படி ஏறினேன். நடுவில் நிற்காமல் ஏறிவிட்டேன். மேலே தளத்தில் கால் சுட்டது. சுடட்டும் என்று நின்றேன்.

அன்று மத்தியானம் அத்தை நுங்கு வாங்கினாள். விரலை விட்டு நோண்டும்போது தண்ணீர் பீச்சி முகத்தில் அடித்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு முதல் தடவை. அத்தை திரும்பிப் பார்த்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் போய் வருடம் திரும்புமுன்னே எனக்கு நுங்கு இனிக்கலாமா, மைனி? வெட்கமாக இருந்தது. ஆனாலும் இனித்தது.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், தலைக்குக் குளிக்க ஆசை வந்தது. மற்ற மாதமெல்லாம் ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிற தலை. சித்திரையில் மட்டும் நீங்கள் கிணற்றடியில் என்னை உட்காரவைத்துச் சீயக்காய் தேய்த்துப் பச்சைத்தண்ணீர் ஊற்றுவீர்கள். அந்த நினைப்பில் போய்விட்டேன். வாளியைக் கிணற்றில் இறக்கிப் பார்த்தேன்; இழுக்கக் கைக்குப் பலமில்லை. கயிற்றைப் பிடித்தபடி கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த அண்ணன் என்னைப் பார்த்தார்.

"என்னளா செய்யுத?"

"தலைக்குக் குளிக்கணும்."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீர் இறைத்து என் தலையில் ஊற்றினார். நம் கிணற்று உப்புத் தண்ணீரில் சீயக்காய் பிடிக்குமா? கடைசிக்குக் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். போய்க் குடிக்க வைத்திருந்த குடத்தையே தூக்கி வந்து கவிழ்த்துவிட்டார்!

அத்தை ஓடிவந்தாள். "ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? இழுப்புக்காரி தலையில பச்சைத்தண்ணியா? குடிக்க என்ன செய்யப் போறோம்?"

"சித்திரையில ஒண்ணும் செய்யாது அத்தை" என்றார் அண்ணன். "அவ ஊத்துவா. நான் பாத்திருக்கேன்."

பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை வாளி ஊத்துவா?" என்று கேட்டார்.

"எண்ண மாட்டாவ. நான் போதும்னு சொல்லுத வரைக்கும்."

மறுபடியும் இறைத்தார். மறுபடியும் ஊற்றினார். நான் போதும் என்று சொல்லவே இல்லை. சொன்னால் அழுதுவிடுவேன் போல் இருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வாளியை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது, அவரும் அழுகிறார் என்று. நீங்கள் போன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

கடைசியில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தையிடம் சொன்னார்: "கனி எங்கேயும் வரல. இங்கன இருக்கட்டும். கல்யாணப் பேச்சை இப்ப எடுக்காண்டாம்."

"ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டு மறுநாள் அத்தை தனியாகப் பஸ் ஏறினாள். கோபம்தான். ஆனாலும் போகுமுன் அரிசியில் கல் பொறுக்கி ஒரு பானை நிறைய வைத்துவிட்டுப் போனாள். நாளைக்கு அண்ணனுக்கு மனம் மாறலாம். மாறினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், அவரும் மனுசர்தானே. அன்றைக்கு ஈரத்தலையை விரித்துப்போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தபோது அதையெல்லாம் நான் நினைக்கவில்லை. தலை காய்ந்தது. அவ்வளவுதான். அவ்வளவு சுகம்.

இந்த வெயில் நிற்கப்போவதில்லை. கச்சான் வரும், ஐப்பசியில் வானம் கறுக்கும், மறுபடி நெஞ்சு இறுகும். நோய் எங்கும் போகவில்லை. முன்பெல்லாம் இழுப்பு முற்றும்போது, இத்தோடு போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுதான் நினைப்பேன். நேற்று வடகம் காயப்போட்டுக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு பயம் வந்தது. செத்துப்போய்விடுவேனோ என்ற பயம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்ன பயம் என்று விளங்கியது. எனக்கு இருக்க வேண்டும் போல் இருக்கிறது, மைனி.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மழையில் மூச்சு முட்டும்போது உங்களை நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் இரக்கப்பட்டு வந்து கூட்டிப்போய்விடுவீர்கள். அடுத்த சித்திரையையும் பார்த்துவிட்டு, அதற்கடுத்ததையும் பார்த்துவிட்டு, மெதுவாக வருகிறேன்.

யாராவது "ஏளா" என்றால் இன்னமும் நீங்கள்தான் என்று திரும்பிப் பார்க்கிற,
உங்கள் நாத்தனார்
செல்லக்கனி